கிராஃபீன் பூச்சு என்று விற்கிறார்களே, அதில் இருப்பது உண்மையிலேயே கிராஃபீன்தானா?

திருச்சி வாசகர்:

வணக்கம். எங்கள் பகுதியில் கார்களைக் கழுவி மெருகேற்றித் தரும் கடை ஒன்றில் வண்டியை விட்டிருந்தேன். வழக்கமான செராமிக் பூச்சுக்குப் பதிலாகக் கிராஃபீன் பூச்சு போட்டுக்கொள்ளுங்கள் என்று அங்கே வற்புறுத்தினார்கள். விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. எஃகைவிட நூறு மடங்கு வலிமையானது, தாமிரத்தைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவது, நோபல் பரிசு பெற்றது என்று அச்சிட்ட ஒரு தாளையும் கையில் கொடுத்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

2010இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, இன்னும் சில ஆண்டுகளில் சிலிக்கன் சில்லுகளின் இடத்தைக் கிராஃபீன் பிடித்துவிடும், கைப்பேசியைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதின. இந்தப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டு 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. கணினிக்குள் அது வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கார் மெருகேற்றும் கடைக்கு வந்துவிட்டது. அந்தக் குப்பியில் இருப்பதும் பரிசு பெற்ற பொருளும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால், இவ்வளவு சிறப்புள்ள பொருள் ஏன் இன்னும் பரவவில்லை? நான் வணிகவியல் படித்தவன். சமன்பாடுகள் இல்லாமல் விளக்கினால் நன்றாக இருக்கும். எண்கள் இருந்தால் பரவாயில்லை.

இயற்பியல் ஆசிரியர்:

அன்புள்ள நண்பருக்கு வணக்கம். அந்தத் தாளில் அச்சிட்டிருப்பவை பொய்யல்ல. ஆனால் அவை எந்தப் பொருளில் அளக்கப்பட்டன என்பதை அது சொல்லியிருக்காது.

பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஓர் அடுக்குக்குள் ஒவ்வோர் அணுவும் பக்கத்திலுள்ள மூன்று அணுக்களுடன் 0.142 நானோமீட்டர் தொலைவில் பிணைந்து, அறுகோணக் கட்டங்களாக விரிந்துகொண்டே போகிறது. அந்தப் பிணைப்பு மிக வலுவானது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலான தொலைவோ 0.335 நானோமீட்டர், அங்கே உள்ள ஈர்ப்பு மிகவும் நலிந்தது. அடுக்குகள் எளிதில் வழுக்கி உரிந்துவிடுவதால்தான் பென்சிலால் எழுத முடிகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கிராஃபைட்டில் ஏறத்தாழ 30 லட்சம் அடுக்குகள் இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் தனியே எடுத்தால் அதுதான் கிராஃபீன்.

ஒற்றை அடுக்கில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கனடாவில் பணியாற்றிய பிலிப் வாலஸ் 1947இலேயே கணக்கிட்டுவிட்டார். அவருக்கு அது கிராஃபைட்டைப் புரிந்துகொள்வதற்கான ஓர் இடைக்கணக்கு மட்டுமே. அதைக் கையில் எடுத்து மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தவர்கள் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கைமும் கான்ஸ்தந்தீன் நோவோசெலோவும்; அவர்களுடைய கட்டுரை 2004 அக்டோபரில் வந்தது. நுண்ணோக்கியில் வைப்பதற்கு முன் கிராஃபைட்டின் மேற்பரப்பைச் சுத்தப்படுத்த ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து எறிந்துவிடுவது அத்துறையினரின் வழக்கம். அப்படி எறியப்படும் நாடாவில் ஒட்டியிருந்த செதில்களைத்தான் அவர்கள் மீண்டும் மீண்டும் உரித்து மெலிதாக்கி, ஆக்சைடு படர்ந்த சிலிக்கன் வில்லையின் மேல் பதித்தார்கள். இதில் அதிர்ஷ்டமும் உண்டு. அந்த ஆக்சைடு 300 நானோமீட்டர் தடிமனாக இருந்தால், ஒளியின் குறுக்கீட்டு விளைவால், ஓர் அணுத் தடிமனுள்ள படலம்கூடச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் மெல்லிய நிழலாகத் தெரிந்துவிடுகிறது. 315 நானோமீட்டராக இருந்தால் அடியோடு மறைந்துவிடும் என்று அவர்களே பின்னர் எழுதினார்கள். (காந்தப்புலத்தில் தவளையை மிதக்கவிட்டு 2000ஆம் ஆண்டின் இக்நோபல் பரிசை வாங்கியவரும் இதே கைம்தான். வேடிக்கைச் சோதனைகளுக்கு நேரம் ஒதுக்குபவர்.)

இனி, வலிமை. 2008இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சிலிக்கனில் குடைந்த 1 முதல் 1.5 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள குழிகளின் மேல் ஒற்றை அடுக்குக் கிராஃபீனைப் போர்த்தி, வைர முனையால் நடுவில் அழுத்தி, அது எந்த விசையில் கிழிகிறது என்று அளந்தார்கள். அதிலிருந்து கணக்கிட்ட இழுவலிமை 130 கிகாபாஸ்கல். நல்ல எஃகுக்கு இது 1 கிகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். உங்கள் தாளில் உள்ள நூறு மடங்கு இங்கிருந்து வந்ததுதான். ஆனால் பாஸ்கல் என்பது குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்துச் சொல்லும் எண். கிராஃபீனின் குறுக்குவெட்டோ ஓர் அணுத் தடிமன் மட்டுமே. அதே முடிவை அகலக் கணக்கில் சொன்னால் மீட்டருக்கு 42 நியூட்டன் என்று வரும். அதாவது, குறையே இல்லாத கிராஃபீன் தாள் ஒன்றை ஒரு மீட்டர் அகலத்துக்குச் செய்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், அதில் நாலரைக் கிலோவைக் கட்டித் தொங்கவிட்டால் கிழிந்துவிடும். அந்தத் தாள் சதுர மீட்டருக்கு 0.77 மில்லிகிராம் எடைதான் இருக்கும் என்பதை நினைத்தால் இது மலைக்க வைக்கும் வலிமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் சாலையில் தெறிக்கும் கல்லிலிருந்து காரைக் காக்கும் கவசமாக அது ஆகாது.

கார்பன் மாணவி:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு, சில்லுகளுக்குள் கிராஃபீன் ஏன் நுழையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நான் இந்தத் துறையில் ஆய்வு செய்து வருகிறேன்.

சில்லுக்குள் சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர், மின்னோட்டத்தை விடவும் வேண்டும், அடியோடு நிறுத்தவும் வேண்டும். சிலிக்கனில் எலக்ட்ரான்கள் தாண்டியாக வேண்டிய 1.1 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இடைவெளி இருப்பதால் அதை நிறுத்த முடிகிறது. கிராஃபீனில் அந்த இடைவெளி பூஜ்யம். வாலஸின் 1947ஆம் ஆண்டுக் கணக்கிலேயே இது இருக்கிறது. எண்முறைச் சில்லுகளுக்கு ஓடும் நிலை மின்னோட்டம் நின்ற நிலையில் கசிவதைப்போல் பத்தாயிரம் மடங்காவது இருக்க வேண்டும். சாதாரணக் கிராஃபீன் டிரான்சிஸ்டரில் அறை வெப்பநிலையில் பத்து மடங்கைத் தாண்டுவதே கடினம். 2010 பிப்ரவரியில் ஐபிஎம் ஆய்வாளர்கள் 100 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் கிராஃபீன் டிரான்சிஸ்டரைக் காட்டினார்கள். அது ரேடியோ அலைச் சுற்றுகளுக்கு ஏற்றது. அங்கே முழுமையாக நிறுத்த வேண்டிய அவசியமில்லை. பத்திரிகைகள் அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், சிலிக்கனின் காலம் முடிந்தது என்று எழுதிவிட்டன.

அடுத்தது தயாரிப்பு. ஒட்டுநாடாவில் உரித்தால் கிடைப்பது மைக்ரோமீட்டர் கணக்கில் ஒரு துணுக்கு. பெரிய பரப்பு வேண்டுமென்றால், 2009இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ராட் ருவாஃப் குழு காட்டிய வழியில், தாமிரத் தகட்டை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் வைத்து மீத்தேன் வாயுவைச் செலுத்த வேண்டும். மீத்தேன் சிதைந்து கார்பன் அணுக்கள் தாமிரத்தின் மேல் படிந்து ஒற்றை அடுக்காக வளர்கின்றன. இதுவரை அழகாக நடக்கும். பிறகுதான் தொல்லை, ஏனென்றால் நமக்கு வேண்டியது தாமிரத்தின் மேல் உள்ள கிராஃபீன் அல்ல. மேலே ஒரு பாலிமர்ப் படலத்தைப் பூசிக் காயவைத்து, ஃபெரிக் குளோரைடு கரைசலில் மிதக்கவிட்டால், கீழேயுள்ள தாமிரம் மெல்ல மெல்லக் கரைந்துபோகும். நீரின் மேல் கண்ணாடிபோன்ற ஒரு தோல் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். அதை வேறொரு தட்டில் சுத்தமான நீருக்கு மாற்றி, சிலிக்கன் வில்லையைச் சாய்த்து அடியில் விட்டு ஏந்தி எடுத்து, நீர் வடிந்து உலர்ந்தபின் பாலிமரை அசிட்டோனில் கரைக்க வேண்டும். ஏந்தும்போது கை அசைந்தால் சுருக்கம் விழும், அடியில் நீர்த்துளி சிக்கினால் உலரும்போது கிழியும், பாலிமர் எச்சம் முழுமையாகப் போவதே இல்லை. இத்தனைக்கும் பிறகு மின்கடத்துத் திறனை அளந்தால், புத்தகத்தில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது.

அந்த எண்ணும் அப்படித்தான் வந்தது. எலக்ட்ரான்களின் இயங்குதிறன், அதாவது மின்புலத்தில் அவை எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்ற அளவு, சிலிக்கனில் ஏறத்தாழ 1,400, கிராஃபீனில் 2,00,000 (அலகு: வோல்ட்-நொடிக்குச் சதுர சென்டிமீட்டர்) என்று ஒப்பிடுவார்கள். இரண்டு லட்சம் என்பது, அடியில் எதுவுமே இல்லாமல் அந்தரத்தில் கட்டி, சூடேற்றிச் சுத்தம் செய்து, கடுங்குளிரில் அளந்த துணுக்குக்கு உரியது. சிலிக்கன் ஆக்சைடின் மேல் கிடத்தினாலே அது பல மடங்கு சரிந்துவிடுகிறது. 2010இல் போரான் நைட்ரைடு படிகத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது நிலைமை வெகுவாகத் தேறியது. அந்தப் படிகங்களை ஜப்பானின் சுகுபா நகரில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனத்தில் வதனாபே, தானிகுச்சி என்ற இரண்டு அறிவியலாளர்கள் வளர்த்துத் தருகிறார்கள். உலகின் பெரும்பாலான நல்ல கிராஃபீன் ஆய்வுகள் அவர்கள் தரும் படிகங்களை நம்பியே நடந்திருக்கின்றன. கிராஃபீனின் நிலைமையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும் என்பேன்.

பூச்சுத் தொழிலில் இருப்பவர்:

கேள்வி கேட்ட நண்பரின் முதல் கேள்விக்கு யாரும் இன்னும் நேரடியாக விடை சொல்லவில்லை. நான் வண்ணப்பூச்சு வேதியியலில் வேலை செய்கிறவன்.

மேலே மாணவி சொன்ன படலத்தைக் குப்பியில் அடைக்க முடியாது. குப்பியில் இருக்கக்கூடியது பொடி. அந்தப் பொடியைச் செய்ய மலிவான வழி, கிராஃபைட்டைக் கடுமையாக ஆக்சிஜனேற்றம் செய்வது. 1958இல் ஹம்மர்ஸ், ஆஃப்மேன் என்ற இருவர் வெளியிட்ட முறையில், கந்தக அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சோடியம் நைட்ரேட்டும் சேர்த்துக் கிராஃபைட்டை வினைபுரியச் செய்வார்கள். இன்றைய முறைகள் பலவும் அதன் திருத்தங்களே. அடுக்குகளுக்கு இடையே ஆக்சிஜன் புகுந்து அவற்றை விலக்கிவிடுவதால் நீரில் நன்றாகக் கலங்கி நிற்கும் பழுப்பு நிறக் குழம்பு கிடைக்கிறது. அது கிராஃபீன் ஆக்சைடு. மின்சாரத்தைக் கடத்தாது. அதை வேதிமுறையில் ஒடுக்கி ஆக்சிஜனில் பெரும்பகுதியை வெளியேற்றினால் கறுப்பாகி, ஓரளவு கடத்தும். ஆனால் அறுகோண வலையில் விழுந்த ஓட்டைகள் அடைபடுவதில்லை. கிராஃபீன் என்ற பெயரோடு வரும் கார் பூச்சுகளில் பெரும்பாலும் இருப்பது, வழக்கமான செராமிக் பூச்சின் சிலிக்கா, சிலாக்சேன் (சிலிக்கனும் ஆக்சிஜனும் பிணைந்த சேர்மம்) கலவைதான். அதில் இந்த ஒடுக்கப்பட்ட ஆக்சைடு மிகக் குறைந்த அளவில் சேர்க்கப்பட்டிருக்கும். நீர் வழிந்தோடுவதும் பளபளப்பும் அந்தச் சிலாக்சேன் செய்கிற வேலை. கூடுதலாகப் போட்டாலும் சிக்கல்தான். கிராஃபீன் ஒளியை ஓர் அடுக்குக்கு 2.3 சதவீதம் விழுங்கும், பத்து இருபது அடுக்கு அளவுக்குச் சேர்ந்தாலே வெள்ளைக் கார் சாம்பல் நிறமாகிவிடும்.

பொடியின் தரத்தைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் அந்தோனியோ காஸ்ட்ரோ நேட்டோ குழுவினர், கிராஃபீன் என்று விற்கும் 60 நிறுவனங்களின் மாதிரிகளை வாங்கிச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். பத்து அடுக்கு வரை இருந்தால் கிராஃபீன் என்று தாராளமாக வைத்துக்கொண்டபோதும், பெரும்பாலான மாதிரிகளில் கிராஃபீனின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே. எதிலும் 50 சதவீதத்தைத் தாண்டவில்லை. மீதி பொடித்த கிராஃபைட். பென்சில் தூளைக் கிராஃபீன் விலைக்கு விற்றிருக்கிறார்கள் என்று சொல்வதில் மிகை அதிகமில்லை.

துருவைத் தடுக்கும் என்றும் சொல்லியிருப்பார்கள். குறையற்ற ஒற்றை அடுக்கு ஹீலியம் அணுவைக்கூட உள்ளே விடாது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2008இல் காட்டியது உண்மை. ஆனால் 2013இல் பெர்க்லி ஆய்வாளர்கள் தாமிரத்தின் மேல் கிராஃபீனைப் போர்த்தி நீண்டகாலம் விட்டுவைத்தபோது, போர்த்தாத தாமிரத்தைவிட அது அதிகமாகக் கெட்டுப்போனது. முதலில் சில நாள் காக்கிறது. பிறகு வெடிப்புகள் வழியே ஈரம் புகுந்ததும், கடத்தும் கார்பனும் உலோகமும் சேர்ந்து ஒரு மின்கலமாகி அரிப்பை விரைவுபடுத்துகின்றன. உங்கள் காரில் பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவே வண்ணப்பூச்சின் அடுக்குகள் இருப்பதால் இந்த ஆபத்து இல்லை. துருவிலிருந்து காப்பவையும் அந்த அடுக்குகளே.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

எல்லோரும் கிராஃபீனைக் கொஞ்சம் அதிகமாகவே அடித்துவிட்டீர்கள் என்று படுகிறது. அலுமினியத்தை 1825இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். 1886இல் ஹாலும் ஏரூவும் மின்பகுப்பு முறையைக் கண்டுபிடிக்கும் வரை அது நகைக்கடைப் பொருளாகவே இருந்தது. கார்பன் இழையை 1958இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் செய்தார். எடையில் பாதிக்குப் பாதி கூட்டுப்பொருளால் ஆன போயிங் 787 பயணிகளை ஏற்றியது 2011இல்தான். அந்தக் கணக்கில் 20 ஆண்டு ஒரு பெரிய காலமா?

இன்றைக்கே பயன்பாடுகளும் உள்ளன. 2018இல் ஃபோர்டு நிறுவனம் எஞ்சின் உறைகளின் நுரைப் பஞ்சில் சிறிதளவு கிராஃபீன் சேர்த்து இரைச்சலையும் வெப்பத்தையும் குறைத்தது. 2021இல் இங்கிலாந்தின் ஏம்ஸ்பரி நகரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் தரையைக் கிராஃபீன் கலந்த கான்கிரீட்டால் போட்டார்கள். வலிமை கூடுவதால் சிமெண்ட் குறைவாகப் போதும் என்பதே நோக்கம். சிமெண்ட் தயாரிப்பில் எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பது தெரிந்தவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

கார்பன் மாணவி:

ஐயா, கார்பன் இழை ஒப்பீட்டை ஏற்றுக்கொள்கிறேன். அலுமினிய ஒப்பீடு பொருந்தாது என்பது என் கருத்து. அலுமினியத்தின் சிக்கல் விலை மட்டுமே. ஒரு கிராமாக இருந்தாலும் ஒரு டன்னாக இருந்தாலும் அது அதே உலோகம். மலிவாக்கும் வழி கிடைத்ததும் குணங்கள் தாமாகவே கூட வந்தன. கிராஃபீனில் அளவைக் கூட்டும்போது குணமே மாறிவிடுகிறது. இரண்டு அடுக்கு சேர்ந்தால் எலக்ட்ரான்களின் நடத்தை வேறு. பத்தைத் தாண்டினால் அது ஏறத்தாழக் கிராஃபைட்.

நீங்கள் சொன்ன நுரையிலும் கான்கிரீட்டிலும் கிராஃபீன் செய்வது, நுண்ணிய தட்டையான கலப்பியாக அங்கங்கே இருந்து பிடிப்பைக் கூட்டுவது. அதற்கு ஒற்றை அடுக்கு வேண்டியதில்லை, ஓட்டைகள் இருந்தாலும் குற்றமில்லை. நல்ல பயன்பாடுகள்தான், ஆனால் நோபல் பரிசுக்குக் காரணமான குணங்கள் எவையும் அங்கே வேலை செய்வதில்லை.

அந்தக் குணங்களைத் தேடும் வேலை வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பாப்லோ ஹரியோ எரேரோவின் குழு, இரண்டு அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து 1.1 டிகிரி திருப்பினால், 1.7 கெல்வினுக்குக் (ஏறத்தாழ மைனஸ் 271 டிகிரி செல்சியஸ்) கீழே மின்தடையே இல்லாமல் கடத்துகிறது என்று காட்டியது. கோணம் சிறிது பிசகினாலும் அது நடப்பதில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் வால்டர் டி ஹீர் குழுவும் சீனாவின் தியான்ஜின் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சிலிக்கன் கார்பைடின் மேல் வளர்த்த கிராஃபீன் அடுக்கில் 0.6 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளியை ஏற்படுத்தி, இயங்குதிறன் 5,000ஐத் தாண்டுவதையும் அளந்தது. நான் மேலே சொன்ன நிறுத்த முடியாத குறைக்கு இதுவரை வந்த பதில்களில் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். இதுவும் ஓர் ஆய்வகத்தின் தொடக்கம், அவ்வளவே.

திருச்சி வாசகர்:

அனைவருக்கும் மிக்க நன்றி. கடைக்காரர் நேற்று மீண்டும் அழைத்தார். தங்களுடைய பூச்சில் கிராஃபீன் இருப்பதற்குச் சான்றிதழே உள்ளது என்கிறார். அந்தச் சான்றிதழில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

பூச்சுத் தொழிலில் இருப்பவர்:

கார்பன் இத்தனை சதவீதம் என்று மட்டும் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கரித்தூளுக்கும் அதே சான்றிதழ் கிடைக்கும். பார்க்க வேண்டியது ராமன் நிறமாலை, அதாவது பொருளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் மாற்றத்தைப் பதிவுசெய்த வரைபடம். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவுதான் இன்று உலகம் முழுவதும் கிராஃபீனின் உரைகல். வரைபடத்தின் கிடை அச்சில் (அலகு cm⁻¹) 1580ஐ ஒட்டி ஒரு முகடும் 2700ஐ ஒட்டி ஒரு முகடும் இருக்கும். ஒற்றை அடுக்கானால் இரண்டாவது முகடு குறுகலாகவும் முதலாவதைவிட உயரமாகவும் எழும்பும். அடுக்குகள் கூடக் கூட அது அகன்று தாழும். 1350இல் பெரிதாக ஒரு முகடு இருந்தால் வலையில் குறைகள் நிறைய என்று பொருள். அதோடு சராசரி அடுக்குகளின் எண்ணிக்கை, செதிலின் அகலம், எஞ்சியுள்ள ஆக்சிஜன் அளவு ஆகியவையும், முக்கியமாகக் குப்பியில் எடைக்கு எத்தனை சதவீதம் சேர்த்திருக்கிறார்கள் என்பதும் இருக்க வேண்டும்.

உலர்ந்த பூச்சைப் பிற்காலத்தில் தேய்த்து நீக்க நேர்ந்தால் முகக்கவசம் இல்லாமல் செய்ய விடாதீர்கள். கிராஃபீன் துகள்களை மூச்சில் இழுக்க நேரிடலாம் என்பதற்காகவே 2021 ஏப்ரலில் கனடாவின் சுகாதாரத் துறை கிராஃபீன் பூசிய முகக்கவசங்களின் விற்பனையை நிறுத்தச் சொல்லிற்று; ஆராய்ந்து பார்த்தபின் சிலவற்றை மீண்டும் அனுமதித்தது.

நான் சொன்ன விவரங்கள் உள்ள அறிக்கையைக் கார் மெருகேற்றும் கடை எதுவும் காட்டி நான் பார்த்ததில்லை. அது கைக்கு வராத வரையில், செராமிக் பூச்சின் விலைக்கு மேல் கொடுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.